நான்காம் பத்தி

ப்ளோவ்திவ் நகரில், மரித்சா ஆற்றுக்கு வடக்கே,
குழாய்ச் சாமான் கிடங்கில் எனக்கு வேலை.
அரை அங்குலப் பித்தளை முழங்கை,
எண் 40-117.
கையில் எடுத்தால் ஒன்று.
திரையில் அதற்கு நான்கு விலை.

முதல் பத்தி, சொந்த லாரியோடு வருகிறவர்களுக்கு.
இரண்டாவது, முதலாளி மெதோதியோடு
பன்றி வேட்டைக்குப் போகிறவர்களுக்கு.
மூன்றாவது, போனில் கத்துகிறவர்களுக்கு.
நான்காவது யாருக்கு என்று
மென்பொருள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.
கேட்காதவர்களுக்கு.

அழுத பிள்ளைக்குப் பால்.
அழாத பிள்ளைக்கு
நூற்றுக்குப் பதினெட்டு கூடுதல்.

செவ்வாய்க்கிழமை புதுப் பட்டியல் அனுப்பும் நாள்.
ஆறாயிரத்துச் சொச்சம் பொருள்கள்.
முந்தின இரவு மகளுக்குக் காய்ச்சல், எனக்கு மூன்று மணிநேரத் தூக்கம்.
'அவரவர் விலை மட்டும்' என்ற குட்டிக் கட்டத்தில்
ஒரு டிக் விழாமல் போனது.
நூற்று எண்பத்து மூன்று பேருக்கும்
நான்கு பத்திகளும் போய்ச் சேர்ந்தன.

பத்தேகால் வரை ஒரு சத்தமும் இல்லை.
பிறகு மூன்று போன்களும் ஒன்றாக.
முதல் பத்திக்காரர்கூடக் கத்தினார்.
தனக்குக் கீழே எவருமில்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை.
ஐந்தாம் பத்தியை எங்கே ஒளித்தாய் என்றார்.

அசெனோவ்கிராட் ஸ்பாஸ் கராஜோவ் மட்டும் அழைக்கவில்லை.
பதினொரு வருடமாக நாள் தவறாத பணம்.
'நீ போட்டால் சரியாகத்தான் இருக்கும், ரொசித்சா' என்பார்,
பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி.

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
போட்டிருக்க வேண்டாம்.
பதினொரு வருடப் பதினெட்டுகளைக் கூட்டினால்
ஓடுகிற நிலையில் ஒரு வேன் வரும்.

புதன்கிழமை வந்தார், தன் வேனில்,
இடப்பக்க ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில்
பிளாஸ்டிக் தாள் படபடக்க.
எல்லோரும் கொண்டுவருகிற அந்தப் பட்டியல்
அவர் கையில் இல்லை.

'நாற்பது, நூற்றுப் பதினேழு இருக்கிறதா?'
இருக்கிறது.
'இருபது பெட்டி.'

எண்ணை அடித்தேன். எண்ணிக்கையை அடித்தேன்.
விலைக் கட்டத்தில் அவர் பத்தி தானாக வந்து உட்கார்ந்தது,
வீட்டு நாய் தன் சாக்கில் உட்காருகிற மாதிரி.
அழித்தேன்.
வெறுங் கட்டத்தோடு பில் அடிக்காது இந்த மென்பொருள்,
சிவப்பாகிறது, அவ்வளவுதான்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
கம்பி எட்டவில்லை.
மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து
என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.
கோட்டில் டீசல் வாசம், ஈரம்.
சிவப்புக் கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.
தொண்டையைச் செருமினார்,
பழக்கமில்லாத ஒரு சாமானைத் தூக்கப் போகிறவர் போல.

'இது,' என்றார், 'என்ன விலை?'