இருவருக்கான சீட்டு

வீட்டைப் பிரித்தோம்.
கதிரைகள், குளிர்சாதனப் பெட்டி,
அதன் கதவில் ஒட்டியிருந்த காந்தங்கள்வரை.
லாச்சியின் அடியில் இது மட்டும் கிடந்தது:
இருவருக்கு ஞாயிறு மதிய உணவு.
மூன்று வகை. வைன் சேராது.
பத்தாவது மணநாளுக்கு உன் கந்தோர்க்காரர் தந்தது.
கடைசித் தேதி இன்று.
வக்கீல்கள் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

'வீணாக்குவானேன்' என்று நீதான் எழுதினாய்.
'சரி' என்றேன்,
மாட்டிறைச்சிக்காக என்று
எனக்கே சொல்லிக்கொண்டு.

லட்லோவுக்கு அப்பால், நவம்பர்.
வேலி நெடுக நனைந்த ஃபெசன்ட் கோழிகள்.
ஓடுவதா பறப்பதா என்று
நடுத்தெருவில் நின்று யோசிக்கிற இனம்.
இரண்டு கார்களில் வந்தோம்.
சரளைக்கல் முற்றத்தில்
பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம்.
வேறு இடம் நிறைய இருந்தது.

முன்னூறு வருட மாளிகை.
கணப்பில் ஆப்பிள் கட்டை எரிகிறது.
சுவரில் ஒரு பிரபு, மடியில் நாய்.
இரண்டில் நாய்க்குத்தான் பரம்பரைக் களை.
பிரபு உன் சித்தப்பாவின் சாயல்
என்று நாக்கு நுனிவரை வந்ததைத்
தண்ணீரோடு விழுங்கினேன்.
அவரைக் கேலி செய்யும் உரிமை
செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது.

தள்ளுவண்டியோடு வருகிறான் கெரைன்ட்,
பத்தொன்பது வயதிருக்கும்,
தொப்பி காதுவரை இறங்கியிருக்கிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு இறைச்சியைச் சீவுகிறான்.
ஓரம் கறுப்பு, உள்ளே இளஞ்சிவப்பு.
பக்கத்தில் யோர்க்‌ஷயர் புடிங்:
பொங்கி, நடுவே அமுங்கி,
அடுப்புக்குள் இருந்தபோது
தன்னைப் பற்றிப் பெரிதாக ஏதோ
நினைத்திருந்த மாதிரி.
அந்தக் குழியில் கிரேவியை ஊற்றுகிறேன்.
அது கரை தாண்டி, கேரட்டைச் சுற்றி,
கோவாவுக்கு அடியில் போய் ஒளிகிறது.
பார்ஸ்னிப் இனிக்கிறது, யாரும் கேட்காமலே.

உன் கண் நிறைகிறது.
ஹார்ஸ்ராடிஷ்தான்.
அவ்வளவு போட்டால் யாருக்கும் நிறையும்.

வாத்துக் கொழுப்பில் வறுத்த கிழங்கு ஏழு.
மூன்று, மூன்று.
மிச்சம் ஒன்று,
இருப்பதிலேயே அதிகம் முறுகினது.
நீ கூரை ஒழுக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டே
பார்க்காமல் அதை
என் கோப்பைக்குத் தள்ளிவிட்டாய்.
பிறகுதான் உன் முள்ளுக்கரண்டிக்குத் தெரிந்தது
தான் என்ன செய்ததென்று.
அந்தரத்தில் நின்றது.

கடித்தேன்.
பிரபுவுக்கே கேட்டிருக்கும்.

டாஃபி புடிங் வந்தபோது
தட்டின் விளிம்பில் சாக்லேட் எழுத்து:
இனிய மணநாள், தயாபரன், மது.
மிச்சத்துக்கு இடம் போதவில்லை.
மதுரா என்பவள்
வைன் சேராத விருந்தில் மதுவாகியிருந்தாள்.
நீதான் முதலில் சிரித்தாய்.
கெரைன்ட் கைதட்டினான்.
அடுத்த மேசைத் தம்பதி கிண்ணத்தை உயர்த்தினார்கள்.
அவர்களிடம் யார் எழும்பிப் போய் விளக்குவது?
சோஸ் ஆறிக்கொண்டிருந்தது,
கரண்டிகள் இரண்டு இருந்தன.

சீட்டின் பின்னால்
இருவரும் கையெழுத்துப் போடவேண்டுமாம்.
போட்டோம்.
போன மாதம் ஒரு கட்டுக் காகிதத்தில்
போட்டுப் பழகியதுதான்.
இந்தப் பேனா நன்றாக எழுதியது.

நாலு மணிக்கே இருட்டு.
நீ முன்னால், நான் பின்னால், வெளிவாசல்வரை.
மழை தூறினால் விளக்குப் போட மறப்பாய்.
இரண்டு முறை மின்னிக் காட்டினேன்.
உன் பின்விளக்குகள் எரிந்தன.
இடப்பக்கம் திரும்பிப் போனாய்.

எனக்கு வலப்பக்கம்.
தெரு நடுவில் ஒரு ஃபெசன்ட்.
ஹார்ன் அடிக்க மனம் வரவில்லை.
அது யோசித்து முடிக்கட்டும்.
அவசரமில்லை,
வயிறு நிறைந்திருந்தது.