தொண்ணூத்திமூணு

மஹ்பூலாவைச் சுற்றி முள்கம்பி போட்ட வாரம்
எங்கள் கட்டடத்துக்கு ஒரேயொரு ஆக்சிமீட்டர்.
ஆறாம் மாடி நேபாளிகள் வாங்கியது.
குபூஸ் வந்த பையில் போட்டு
துணி காயப்போடும் கயிற்றில் கட்டி
ஜன்னல் ஜன்னலாக இறக்குவார்கள்.
ஐந்தில் வங்காளிகள், நான்கில் நாங்கள்,
மூன்றில் ஹைதராபாத் சமையல்காரர் இருவர்,
தரையில் எகிப்துக்கார ஹாரிஸ்.
விரலில் மாட்டி, எண்ணைப் பார்த்து,
டெட்டால் பஞ்சால் துடைத்து
கயிற்றை இரண்டு முறை இழுத்தால்
பை நகரும்.

எட்டுக் கட்டில் அறையில் எனக்குத்தான் முதல் காய்ச்சல்.
ஏழு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு
வராந்தாவுக்குப் போனார்கள்.
என் டம்ளரை மட்டும் தனியே வைத்துவிட்டு.
இரவெல்லாம் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
இருமலைவிட அது வலித்தது.

கேமரா கெட்டுவிட்டது என்றேன் வீட்டுக்கு.
ரோஸ்லின் நம்பவில்லை,
நம்பியதாகச் சொன்னாள்.

இரண்டாம் நாள் நடுச்சாமம்
கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம்.
"எவ்வளவு?"
நான்கு மாதமாகப் பேசாத இசக்கியப்பன்.
ஏழு தினார் கைமாத்து,
அதற்கு முன்னால் ஒரு சார்ஜர்,
அதற்கும் முன்னால் குளியலறை முறை.
அவன் கேட்ட எத்தனையோ "எவ்வளவு"க்கு
முகத்தைத் திருப்பியிருக்கிறேன்.

"தொண்ணூத்திமூணு."
"குப்புறப் படு."
செருப்புச் சத்தம் போய்விட்டது.
படுத்தேன்.

அன்றிரவு பை என்னிடமே இருந்தது.
மேலிருந்தோ கீழிருந்தோ
யாரும் கயிற்றை இழுக்கவில்லை.

இரண்டு மணிக்கொருமுறை வந்தான்.
முதலில் அவன் ஃபோனில் ஒரு சேவல் கூவும்,
பிறகு அவன்.
கஞ்சி வைப்பான், உப்பு கூடுதலாக.
எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.
அவனுக்கும் அது தெரிந்திருக்கும்.

மூன்றாம் மாடியில் ஒருவருக்கு எண்பத்தொன்று.
ஆம்புலன்ஸ் போன பிறகுதான்
அவர் பேர் எங்களுக்குத் தெரியாது என்பது தெரிந்தது.
அன்று மேலே வந்த பையில்
ஆக்சிமீட்டர் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது.
ஈரம் காயாத பஞ்சும் கூடவே.

பதினாறாம் நாள் கதவைத் திறந்தேன்.
வராந்தாவில் வரிசையாகப் பாய்கள்.
அவன் எழுந்து உட்கார்ந்து
தாடையில் கிடந்த முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டான்.
"எவ்வளவு?"
"தொண்ணூத்தெட்டு."
"சரி. என் ஏழு தினாரு எங்கலே?"

சம்பளம் வரட்டும் என்றேன்.
மூன்று மாதமாக யாருக்கும் சம்பளம் இல்லை.
சிரிக்கப் போய் இருமிவிட்டேன்.
ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள்.