தலையைச் சொறிதல்

ஆரம்பாக்கத்தில் தூங்கி
ஆந்திராவில் விழிக்கிறவன் நான்.
நடுவே ஒரு செக்போஸ்ட்,
என் சைக்கிளை ஒருநாளும் நிறுத்தாத போலீஸ்,
உப்புக்காற்று.
தடாவில் பாலத்தைத் தாண்டினால்
பெஞ்சலய்யா பார்.
பதினோரு வருஷமாய்த் தட்டு ஏந்துகிறேன்.

பில் நானூற்று அறுபது.
மீதி நாற்பதை இரண்டு இருபதாக வைக்கிறவன்
தொழிலுக்குப் புதுசு.
நான் மூன்று பத்து, இரண்டு ஐந்து ரூபாய்க் காசு.
காசைச் சோம்புக்குள் பாதி புதைத்து வைப்பேன்.
விரலை விட்டுத் துழாவ
குடித்தவனுக்கும் கூச்சம் உண்டு.

அருவிக்கு வரும் சென்னைப் பையன்கள்
முதல் ரவுண்டில் 'ஏய்' என்பார்கள்.
மூன்றாவதில் 'அண்ணா' வந்துவிட்டால் ஐம்பது.
லாரிக்காரர்கள் வைப்பது பத்துதான்,
ஆனால் கையில் வைப்பார்கள்.
மகாவீர் ஜெயந்திக்கு அந்தப் பக்கம் கடை அடைப்பு;
மகான் புண்ணியத்தில்
ஒரே நாளில் ஆயிரத்து நூறு.
கம்பெனி மேனேஜர்கள் கார்டு தேய்ப்பவர்கள்.
தேய்த்த கார்டிலிருந்து ஒன்றும் உதிராது.
அவர்களுக்காகத்தான் கதவருகே நின்று
தலையைச் சொறிய வேண்டும்,
அரிப்பே இல்லாத தலையை.

ஆடி முடிந்து புது மெஷின் வந்தது.
பில்லின் அடியில்
வரிக்கு மேலே இன்னொரு வரி:
சர்வீஸ் சார்ஜ், பத்து சதவீதம்.
இனிமேல் நான் எதற்குச் சொறிய?
பில்லே சொறிந்துகொள்கிறது.

தட்டு
சோம்பு மட்டுமாய்த் திரும்பி வந்தது.
"அதான் உள்ளயே போட்டுட்டீங்களே."
தமிழில் சொன்னார்கள், தெலுங்கில் சொன்னார்கள்.
எல்லை தாண்டியும் அர்த்தம் மாறாத வாக்கியம்
அது ஒன்றுதான்.

மாசக் கடைசியில் பெஞ்சலய்யா கவர் கொடுத்தார்.
உடைந்த கிளாஸுக்கு,
ஜெனரேட்டர் டீசலுக்கு,
அப்புறம் 'இதரம்' என்று ஒன்று
(அதை யாரும் கேட்கவில்லை),
எல்லாம் கழித்து
ஆளுக்குச் சமமாக அறுநூற்று இருபது.
என்னுடைய ஒரு சனிக்கிழமை.

பின்கட்டில் வேண்டாமிர்தத்துக்கும்
அதே அறுநூற்று இருபது.
நான் சிரித்துச் சிரித்து ஏந்திப்போன கிளாஸையெல்லாம்
ஒன்பது வருஷமாய்க் கழுவி வைத்தவள்.
ஒருநாளும் அவளிடம் ஒரு பத்தை நீட்டியதில்லை நான்.
அவளும் கேட்டதில்லை.
சோப்பில் ஊறிச் சுருங்கிய விரல்களால்
கவரைப் பிரிக்காமல்
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
"இது எதுக்கு முனிரத்தினம்?"
"டிப்ஸு."
"நான் யாருக்கும் ஊத்தலையே."

நேற்று ராத்திரி, ஆறாம் டேபிள்.
கண்ணாடிக்காரர், தனி ஆள்,
பில்லை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார்.
"இது கட்டாயம் இல்ல, தெரியும்ல?"
பேனாவைத் திறந்தார்.
"உண்மையச் சொல்லு. இது உனக்கு வருதா?
வரலைன்னா இப்பவே அடிச்சிடறேன்.
உன் கையில தனியா இருநூறு."
நோட்டும் வெளியே வந்துவிட்டது,
புதுசு, மஞ்சள்.

வரவில்லை என்றால் பாதிப் பொய்.
வருகிறது என்றாலும் பாதிப் பொய்.
பேனாமுனை அந்த வரியின் தலைமேல் நின்றது.
பின்னால் தொட்டியில்
கிளாஸோடு கிளாஸ் இடிக்கிற சத்தம்.
அந்த நேரம் பார்த்து
நிஜமாகவே தலை அரித்தது எனக்கு.
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"வருது சார்."

நோட்டு வந்த வழியே போனது.
வாசல்வரை போனவர் திரும்பி வந்து
சோம்பில் ஒரு கை அள்ளிக்கொண்டார்,
பத்து சதவீதத்தில் கொஞ்சமாவது திரும்பட்டும் என்பதுபோல.

தட்டைப் பின்கட்டில் கொடுத்தேன்.
வேண்டாமிர்தம் மீதிச் சோம்பை
வாயில் போட்டுக்கொண்டு
தட்டைக் கழுவினாள்.