பேசியவர்கள்

ரசலம் சார் ஆபீசுக்குப் போனால்
சாக்கட்டி என் கைக்கு வரும்.
"பேசுகிறவன் பேரை எழுதி வை, டார்லின்."

ஏழு பி. குலசேகரம்.
சன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள்
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி நிற்கும்.
காற்று திரும்பினால் ஒட்டுப்பால் நாற்றம்
ஒன்றாம் பெஞ்சுக்கும் ஒன்றுதான், கடைசிக்கும் ஒன்றுதான்.

ஜெபின். ஸஹீரா. மினிமோள்.
மறுபடியும் ஜெபின்.
மினிமோள் மலையாளத்தில் முணுமுணுத்தாலும் எழுதிவிடுவேன்,
பேச்சு பேச்சுதானே.
என்னை நான் நியாயக்காரி என்று நினைத்திருந்தேன்.

ஒருத்தன் மட்டும் சூனிலிருந்து ஓணம் வரை
ஒரு நாளும் போர்டில் ஏறவில்லை.
அப்பாவுக்குத் தடிமில்லில் வேலை.
ஊர் தும்காவுக்குப் பக்கம்.
ரிஜிஸ்டரில் சோமையா.
கிளார்க்கின் காதில் விழுந்தது அவ்வளவுதான்.
எங்கள் வாயில் பெங்காளி.
ரயில் சன்னலில் கடந்து போனதைத் தவிர
அவன் வங்காளத்தைக் கண்டதே இல்லை.

அவன் பக்கத்தில் சசி,
பேச்சிப்பாறைக்கு மேலேயிருந்து வந்து
ஆஸ்டலில் தங்கிப் படிக்கும் காணிப் பையன்.
மற்ற பெஞ்சில் இடமில்லை என்று சொன்னோம்.
இடம் இருந்தது.

அன்றைக்கும் மழை.
சார் ஆபீசில்.
வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு
யார் முதலில் மாட்டுவார் என்று பார்த்திருக்க,
பின்னாலிருந்து ஒரு சத்தம்:

"எடே ஜெபின்! ஒனக்க கழுத்துல முசுறு!"

பாடப்புத்தகத்தில் இல்லாத சொல்.
சந்தையில், விளையில், எங்கள் வீட்டுப் பலாமூட்டில்
கடி வாங்கினவர்கள் சொல்லும் சொல்.
அதே இழுப்பு. அதே 'ஒனக்க'.
திரும்பிப் பார்த்தால் அவன்.

ஜெபின் காலரைப் பிடித்துக்கொண்டு குதித்தான்.
கடி விழுந்துவிட்டது.
வகுப்பு சிரித்தது. ஜெபினைப் பார்த்துச் சிரித்தது.
நான் கடமை தவறாதவள்,
போர்டுக்குத் திரும்பி எழுதினேன்:
பெங்காளி.

அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான்.
பெ. ங். கா. ளி.
தமிழ் வாசிக்க எப்போது படித்தான், தெரியாது.
வாசித்து முடித்துவிட்டு
தலையைத் திருப்பி வகுப்பு முழுவதும் தேடினான்,
அது யார் என்று.

யாரும் சிரிக்கவில்லை.

சசி எழுந்தான். கேட்காமலே வந்தான்.
உள்ளங்கையால் போர்டைத் துடைத்தான்.
போன வருசம் இதே போர்டில்
'காட்டான்' என்று இருந்ததும் என் கையெழுத்துதான்.
அவன் அதைச் சொல்லவில்லை.
"சோமாய்," என்றான். "சோமாய் ஹேம்ப்ரம்.
எழுது பிள்ளே."

'ஹே'யில் என் கை நின்றது.
கொம்பு முன்னாலா பின்னாலா,
ஆறு வருசம் படித்த எழுத்து மறந்துபோனது.
எழுதினேன். கீழே சசியின் பேரையும் எழுதினேன்,
எழுந்து வந்ததற்கு.

ஜெபின் கழுத்தைத் தடவிக்கொண்டே,
"எனக்க பேரையும் எழுது. நானும் கத்தினேன்லா."

சார் வந்து போர்டைப் பார்த்தார்.
"ஹேம்ப்ரமா? அது ஆரு?"
"நான், சார்."
"வெளியே போய் நில்லு."

மூன்று பேரும் வராந்தாவில் நின்றார்கள்,
தூவானம் முட்டிவரை நனைத்தது.
சசி கம்யூனிஸ்ட் பச்சை பறித்துக் கசக்கினான்.
சோமாய் ஜெபினின் காலரை இறக்கிப் பிடித்தான்.
என்னவோ சொன்னான்,
ஜெபின் "சத்தியமாட்டா? தின்னுவீங்களா?" என்று கேட்டான்,
அப்புறம் மூன்று பேரும் பேசினார்கள் பேசினார்கள்
மணி அடிக்கும் வரை.

உள்ளே வகுப்பு அமைதியாக இருந்தது.
என் பேரை யாரும் எழுதவில்லை.
சாக்கட்டி என் கையில்தானே இருந்தது.