வேருக்கு ஐஸ்

மீனுக்கு எவ்வளவு என்று தெரியும்.
கல்யாண மோருக்கு, சர்பத் வண்டிக்கு,
பினாங்கிலிருந்து மகன் வந்து சேரும்வரை
காத்துக் கிடக்கும் உடம்புக்கு
எவ்வளவு என்றும் தெரியும்.
வேருக்கு எவ்வளவு என்று
திண்ணப்பன்தான் முதலில் கேட்டார்.

மார்கழி முழுக்க
புதுவயலிலிருந்து பள்ளத்தூருக்கு
மொபெட்டில், சாக்கு சுற்றி, கால் பார்.
தொட்டி மண்ணின் மேல் மில் உமி,
உமியின் மேல் என் ஐஸ்.
"தூங்க வைக்கிறேன், செபஸ்தியம்மா.
குளிரில் தூங்காத வேர்
எழுந்தாலும் உருப்படாது."
எந்நேரமும் தூங்கி உருப்படாத ஒருவன்
என் வீட்டில் இருக்கிறான்.
சொல்லவில்லை. காசை எண்ணி வாங்கினேன்.

ஹாப்ஸ் என்றார்.
செக் நாட்டில் பதினாறு வருஷம் பாய்லர் பார்த்தவர்,
அங்கே நாக்கில் ஒட்டிக்கொண்ட கசப்பாம்.
இமாச்சலத்திலிருந்து கூரியரில் வந்தது
விரல் நீளம், இஞ்சி போல.
கசப்புக்கு இங்கே என்ன பஞ்சம்,
பாகல் இல்லையா, சுண்டை இல்லையா,
வாசலுக்கு வாசல் வேம்பு நிற்கிறதே என்றேன்.
வேம்பும் போட்டுப் பார்த்திருக்கிறார்.
"பூச்சி மருந்து நுரைத்த மாதிரி இருந்தது."

மாசியில் முளைத்தது.
வளவு நடுவே தேங்காய்நார்க் கயிறு,
உச்சியில் குரங்குக்குப் போட்ட கம்பி வலை.
அந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்கப்
பதினொரு பங்காளி கையெழுத்து வேண்டும்.
கொடி யாரையும் கேட்கவில்லை.
வலமாகவே சுற்றி ஏறியது.
ஒருநாள் சும்மா இடமாகச் சுற்றிவிட்டேன்.
மறுநாள் அவிழ்த்துக்கொண்டு
பழையபடி வலம் வந்துகொண்டிருந்தது.
தண்டு, பூனை நாக்கு.

ஏட்டு ஒருவர் இலையைக் கிள்ளி முகர்ந்தார்.
"கஞ்சாவுக்கு என்ன உறவு?"
"பங்காளிதான். பேச்சுவார்த்தை இல்லை."
குடத்தில் நுரைப்பதை அவர் கேட்கவில்லை,
நாங்களும் சொல்லவில்லை.

நம்மூர்ப் பகல் அதற்குப் போதாதாம்.
சீக்கிரம் இருட்டுவதைப் பார்த்து
வருஷம் முடிந்தது என்று பயந்து
முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடுமாம்.
ஆகவே பன்னிரண்டு டியூப்லைட், இரவு பத்து வரை.
கொடி ஏமாந்தது. ஈசல் ஏமாந்தது.
மின்வாரியம் மட்டும் ஏமாறவில்லை.
நாலாயிரத்துச் சொச்சம்.
வலையைத் தொட்டும் கொடி நிற்கவில்லை.
எப்போது விளக்கை அணைப்பது என்று
அவருக்கே தெரியவில்லை.
"இன்னும் ஒரு வாரம்" என்பார்,
வாரா வாரம்.

ஆனிக் காற்றில்
டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஒன்பது ராத்திரி.
என் கடையில் நாற்பது பார்
படியிறங்கித் தெருவில் ஓடியது.
பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்டார்கள்.
ஈ.பி. ஆபீஸ் வாசலில் நான் விட்ட சாபம்
எந்தக் கணக்கில் ஏறியதோ.

கரண்ட் வந்தும் அவர் விளக்கைப் போடவில்லை.
ஒரு மாதம் கழித்து
பாக்கி தருகிறேன் வா என்றார்.
வலைக்கடியில் பச்சைப் பச்சையாய்த் தொங்கியது,
செதில் செதிலாய், உரிக்காத இறால் கணக்காய்.
ஒன்றைப் பிளந்தேன். மஞ்சள் தூள்.
மாங்காய்ப் பால் வாசம்,
நசுக்கிய நாரத்தை இலை,
கொஞ்சம் குளிக்காத ஆம்பளை.
"இருட்டுத்தான் வேண்டியிருந்தது" என்று
தலையைச் சொறிந்தார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

காய்ந்து நாற்பத்து மூன்று கிராம்.
என் மீன் தராசில்தான் நிறுத்தோம்.

ஆவணியில் எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார்.
கசப்பு உடனே வரவில்லை,
விழுங்கிய பிறகு திரும்பி வந்து
விட்டுப்போன குடையைக் கேட்பவன் போல நின்றது.
நன்றாகத்தான் இருந்தது. வெதுவெதுப்பு.
சாக்கை விலக்கி ஒரு துண்டு உடைத்தேன்.
டம்ளரை உள்ளங்கையால் மூடினார்.
"ஐயோ, ஐஸ் போட்டால் கெட்டுப்போகும்."

பாக்கி நூற்றெண்பது.
அதை வாங்கிக்கொண்டு,
உடைத்த துண்டை
வாயில் போட்டுக்கொண்டு வந்தேன்.