தலையிருந்தால் ஒன்று

திங்கள், வியாழன், காலை ஏழரை.
சுவா சூ காங்கில் எட்டு புளோக்,
புளோக்குக்கு ஆறு கறுப்பு வாளி,
வாளியின் உட்சுவரில் பசைத்தாள்.
முட்டையிட வருகிற கொசு
சுவரில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.
எண்ணுவது என் வேலை.

கேள்வி சின்னது:
புல் ஊறிய தண்ணீருக்குக் கொசு அதிகம் வருமா,
வெறும் குழாய்த் தண்ணீருக்கா?
எந்த வாளியில் எது என்பதற்கு
ஐம்பது காசைச் சுண்டினோம்,
நாற்பத்தெட்டு முறை.
ஷு யென் எழுதிக்கொண்டே வந்தாள்.
பன்னிரண்டாம் மாடி குவெக் கதவுக்கம்பி வழியே கேட்டார்:
"படித்தவர்கள், பூவா தலையா போடுகிறீர்களே?"
"எங்கள் ஆசை காசுக்குத் தெரியாது, அங்கிள்."
சொன்னபோது பெருமையாக இருந்தது.
சொன்னதன் அர்த்தம்
எனக்கே பத்து வாரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

மூன்றாம் வாரம் ஏழாம் மாடியில்
ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது.
பூனையாக இருக்கலாம்,
ஜமீலா வீட்டுப் பையனின் சைக்கிளாக இருக்கலாம்.
தாள் காய்ந்திருந்தது. கொசு இல்லை.
பூஜ்யம் போடப் போன பேனாவை
பாதி வட்டத்தில் நிறுத்தினேன்.
பூஜ்யம் என்றால்
வாளி காத்திருந்தது, யாரும் வரவில்லை.
இங்கே காத்திருக்கவே வாளி இல்லை.
அரை வட்டத்தை அடித்துவிட்டு
கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அக்கா கூப்பிடாத ஒரு வருடத்தை
பாசம் பூஜ்யம் என்று கணக்கெழுதியவள் நான்.
அவள் வைத்திருந்தது என் பழைய எண்.

பத்தாம் வாரம் கூட்டினோம்.
புல்நீர் இருநூற்றுப் பதினொன்று.
குழாய்நீர் நூற்று முப்பத்து நான்கு.
கோப்பிக் கடையில் எல்லாருக்கும்
என் செலவில் தே தாரிக்.
ஷு யென் கோப்பையைத் தொடவில்லை.
"எண்ணும்போது எந்தத் தாள் எந்தத் தண்ணீர் என்று தெரியுமா?"
"எப்படித் தெரியும்? எண் மட்டும்தானே ஒட்டியிருக்கிறது."
"மூக்கு?"

புல் ஊறினால் நாறும்.
மாட்டுத் தொழுவம் பார்க்காத நகரத்தில்கூட
அந்த வாசனைக்கு ஒரே பொருள்தான்.
தாளைப் பிரித்தபோதெல்லாம்
கண்ணுக்கு முன்னால் மூக்கு படித்திருக்கிறது.

குளிர்பெட்டியில் வைத்திருந்த பழைய தாள்களை
கழுவாமல், வெட்டாமல், படமெடுத்து
புது எண்கள் கொடுத்து
இர்ஃபானிடம் அனுப்பினோம்.
அவன் இரண்டு மாடி கீழே, ஈஸ்ட் ஆய்வு செய்பவன்.
எங்கள் கேள்வியே அவனுக்குத் தெரியாது.
எண்ணித் திருப்பினான்:
நூற்று எழுபத்தெட்டு.
நூற்று அறுபத்து மூன்று.

இரவு இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப்
படம் படமாகப் பார்த்தேன்.
முழுக் கொசுக்களில் எங்களுக்குள் சண்டையே இல்லை.
ஒற்றைக் கால், கிழிந்த சிறகு:
புல்நீர்த் தாளில் அது எனக்குக் கொசு,
குழாய்நீர்த் தாளில் அதுவே தூசி.
நான் பொய் சொல்லவில்லை.
பொய் சொல்லியிருந்தால்
எங்கே சொன்னேன் என்றாவது தெரிந்திருக்கும்.

மறுநாள் சுவரில் ஒட்டினோம்:
தலையிருந்தால் ஒன்று. தலையில்லையென்றால் இல்லை.
எல்லா வாளிக்கும் மேலே ஒரே மூடி.
எண்ணுகிறவர் வாளி வைக்கக் கூடாது.
திரும்பவும் ஐம்பது காசு,
திரும்பவும் நாற்பத்தெட்டு முறை.
இந்த முறை சுண்டியது ஷு யென்,
நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

மின்தூக்கியில் குவெக்.
கையில் மார்க்கெட் பை, பையில் கைலான் கீரை.
"என்ன, கண்டுபிடித்தாயிற்றா?"
"தெரியாது, அங்கிள்."
"போன மார்ச்சிலும் இதையேதான் சொன்னாய்."
"இது வேற தெரியாது."
அவர் சிரித்தார்.
ஒன்பதாம் மாடி தாண்டும்போது
முழங்கையில் பட்டென்று அடித்து
"ஒன்று!" என்று உள்ளங்கையை நீட்டினார்.

குனிந்து பார்த்தேன்,
தலையிருக்கிறதா என்று.