இரண்டு மில்லிமீட்டர்

கொடியில் காய்ந்த தலையணை உறையில்
கடுகுக்கும் சிறிதாய் ஒரு கறுப்பு.
அழுக்கென்று சுண்டப்போனாள் துரிட்.
கால்களை உள்ளிழுத்துச்
செத்ததுபோல் கிடந்தது.

தபால்தலை பார்க்கும் லென்ஸோடு வந்தான் ஓஸ்முண்ட்.
சிவப்பில்லை. புள்ளியில்லை.
முதுகெங்கும் நரைமயிர்,
மழையில் நனைந்த பூனைக்குப்போல் படிந்து.
"இதுவுமா பொறிவண்டு?"
"இதுவும்தான்."

கையேட்டில் நாற்பது பக்கம் புரட்டி
இரண்டு பெயர்களில் வந்து நின்றார்கள்.
கொன்று, வயிற்றைக் கீறி,
நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியுமாம்
இரண்டில் எது என்று.
அதற்குள் ஒரு கால் வெளியே வந்தது.
பிறகு ஐந்து.

பெர்கனில் அபூர்வமாய் வெயில்.
குறிப்பேட்டில் அவன் எழுதினான்:
ஜூன் ஒன்பது. பொறிவண்டு. ஏதோ ஒன்று.
உறையை உதறாமல்
கொடியிலேயே விட்டாள் துரிட்.

அன்றிரவு
உறையில்லாத தலையணையில் தூங்கினாள்.